சேலத்தில் தின்ற உப்பு

20 பிப்ரவரி 1939, திங்கள்

காலையில் செங்கோட்டையன் வந்து வாசலில் நின்றார். வேலி விஷயம்தான். பள்ளிக்கூடத்துக் கத்தரிச் செடியை மாடு மேய்கிறதென்று போன மாதம் முள்வேலி போட்டேன். அது அவர் மாடு ஓடைக்குப் போகிற தடமாம். "பாட்டன் காலத்துத் தடமுங்க வாத்தியாரே. மாட்டுக்கு வேற வழி தெரியாதுங்க" என்றார். அப்படியானால் பையன்களுக்குத் தோட்டப் பாடம் எங்கே நடத்துவது? முடியாது என்றேன். மலை ஊர்கள் கூடும் நாட்டுக்கூட்டத்தில் வைக்கிறேன் என்றார். வையுங்கள் என்றேன்.

காபி கொடுத்தேன். தொடவில்லை. ஆறி ஆடை கட்டும்வரை தம்ளர் அப்படியே இருந்தது. இந்த மலையில் ஒரு வாய் நல்ல காபிக்கு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். கொட்டையை நானே வறுத்து நானே இடித்து... அதைத் தொடாமல் எழுந்து போகிறார் மனிதர். வீம்பு.

24 பிப்ரவரி, வெள்ளி

மாதேஸ்வரன் வழக்குக்குத் தேதி வந்துவிட்டது. மார்ச் ஆறு, சேலம் செஷன்ஸ் கோர்ட்டு.

இன்று பெரக்கரை நாட்டார் எல்லோரும் கூடினார்கள். தை மாதம் குத்தகைதாரர் கடுக்காய் சேர்த்துவைக்கும் கிட்டங்கி எரிந்தது. எரித்தவன் மாதேஸ்வரன் என்று குத்தகைதாரரின் ஏஜெண்டு குழந்தைசாமி போலீசில் எழுதிவைத்துவிட்டான். எடை குறைக்கிறாய் என்று முதல் நாள் சந்தையில் மாதேஸ்வரன் அவன் துண்டைப் பிடித்திருக்கிறான், அது போதுமாக இருந்தது. சரக்கை ரகசியமாக விற்றுத் தின்றுவிட்டு, வெறும் கிட்டங்கிக்குத் தீ வைத்தவன் குழந்தைசாமிதான் என்று மலை முழுக்கத் தெரியும். ஆனால் கண்ணால் பார்த்தவர் செங்கோட்டையன் ஒருவர்தான். குழந்தைசாமி தனியாக உள்ளே போனதையும், கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனதையும், பின்னாலேயே புகை வந்ததையும் பார்த்திருக்கிறார். அவர் வாய் திறந்தால் மாதேஸ்வரன் வீட்டுக்கு வருவான். திறக்காவிட்டால் ஏழு வருஷம் என்கிறார் நம் வக்கீல். அவன் பெண்டாட்டி மாராயிக்கு இது ஆறாம் மாசம்.

கூட்டத் தலைவரான நாட்டுக் கவுண்டர் செங்கோட்டையனிடம் முதலில் கேட்டது: "எதிராளி உப்பு உள்ள இருக்குதா?" அவர், "இல்லீங்க." அதன்பிறகுதான் மற்றப் பேச்சு. கோயிலில் மணி அடிப்பதுபோல இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்துக்கொண்டேன்.

சாட்சியைக் கூட்டிப்போக என்னைச் சொல்லிவிட்டார்கள். நான் சேலத்தில் டிரெயினிங் படித்தவன், எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று பத்து வருஷமாக இவர்களிடம் அளந்துகொண்டிருக்கிறேனே. "வாத்தியாருக்குக் கோர்ட்டு தெரியாட்டியும் கிளப்பு தெரியும்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், மறைப்பானேன்.

4 மார்ச், சனி. சேலம்

இறங்கி, சேந்தமங்கலம் வந்து, பஸ் பிடித்து, சேலம். செங்கோட்டையனுக்கு பஸ் ஒத்துக்கொள்ளவில்லை. இராசிபுரத்துக்கு முன்னேயே வயிற்றைக் காலி செய்துவிட்டார். மாராயி எவ்வளவு சொல்லியும் கேட்காமல் கூடவே வந்துவிட்டாள். "அவரு மொகத்த நான் பார்க்கோணும்" — ஒரே பேச்சு.

சேந்தமங்கலத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஒரு காரியம் செய்தேன். டீக்கடையில் நாலு பேர் கேட்க, சேலத்து வரிசையை ஒப்பித்தேன். கையில் காசு புரண்டால் கடைவீதிப் பட்டாபி ஐயர் கிளப்: நெய் தோசை, கோதுமை அல்வா. நடுத்தரமென்றால் செவ்வாய்ப்பேட்டை நாயுடு மிலிட்டரி ஓட்டல்: கறிச்சோறு. மடியில் ஒன்றுமில்லை என்றால் கோர்ட்டு மதிலோரம் பொன்னம்மாள் இட்லிக் கடை. இட்லிக்குப் பொன்னம்மாளை மிஞ்ச ஜில்லாவில் ஆளில்லை, வக்கீல் வீட்டிலிருந்தெல்லாம் தூக்கோடு ஆள் வரும். மூன்றையும் செங்கோட்டையண்ணனுக்குக் காட்டிவிட்டுத்தான் ஊர் திரும்புவேன் என்றேன். நாளை முதலாவது என்றும் சொன்னேன்.

சத்திரத்தில் இடம் கிடைத்தது. வக்கீலைப் பார்த்தோம். "சாட்சியை வயிறு வாடாமல் வைத்துக்கொள்ளும். மலைக்காரர்கள் ராவோடு ராவாக ஊர் போய்விடுவார்கள்" என்றார். சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. இதைவிட எனக்கேற்ற பொறுப்பு உண்டா?

5 மார்ச், ஞாயிறு

பட்டாபி ஐயர் கிளப். கள்ளுக்கடைகளை மூடியதிலிருந்து கிளப்பில் நிற்க இடமில்லை. பிராமணாளுக்கு உள்கூடம், மற்றவர்களுக்கு முன்கூடம். பரிமாறுகிறவன் செங்கோட்டையன் கோவணத்தையும் கம்பளியையும் மேலும் கீழும் பார்த்தான். நான் இங்கிலீஷில் இரண்டு வார்த்தை விட்டேன், இலை வந்தது. மாராயி உள்ளே வர மாட்டேன் என்று சத்திரத்திலேயே களி கிண்டிக்கொண்டாள்.

செங்கோட்டையன் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும். அல்வாவை விரலால் தொட்டு, நக்கி, கண்ணை மூடிக்கொண்டார். "இது பண்டமுங்களா, மருந்துங்களா?" மூன்று தோசை. எனக்கு மனசு நிறைந்துபோயிற்று. நாட்டார் கொடுத்தனுப்பிய பையை அவிழ்த்துக்கொண்டு கல்லாவுக்குப் போனேன்.

"ஆயிடுத்து. உங்க ஊர்க்காரர் காலம்பரயே வந்து கட்டிட்டார். மலையிலேர்ந்து ரெண்டு பேர் வருவா, காசு வாங்காதீரும்னார்."

யார் என்றேன். ஜரிகைத் துண்டு, தங்கப்பல். குழந்தைசாமி.

அவன் காசைத் திருப்பிக் கொடுங்கள், என் காசை எடுங்கள் என்று சண்டை போட்டேன். ஒரு கணக்குக்கு இரண்டு தரம் வாங்க மாட்டாராம். சட்டம் பேசுகிறார். கடைசியில் காசைக் கல்லாமேல் வைத்துவிட்டு வந்தேன்.

வெளியே செங்கோட்டையன் கை அலம்பிக்கொண்டே இருந்தார். பத்துப் பேர் அலம்பும் தண்ணீர். சத்திரம் வரும்வரை எனக்கு நாலடி பின்னாலேயே நடந்து வந்தார். அல்வா மந்தம் என்று நினைத்தேன்.

எதற்காக இதைச் செய்தான்? லஞ்சமென்றால் தோசையா லஞ்சம்?

6 மார்ச், திங்கள்

காலையில் பொன்னம்மாள் கடை. குழந்தைசாமி எங்களுக்கு முன்பே உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். சேலத்தில் தினம் இங்கேதானாம் அவனுக்குக் காலைப்பாடு, பொன்னம்மாளே சொன்னாள். என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். இந்தத் தரம் ஏமாறவில்லை. உட்காருமுன்பே காசை அவள் கையில் வைத்தேன். நாட்டார் பை மாராயியிடம் இருந்தது, என் மடியிலிருந்தே கொடுத்தேன்.

செங்கோட்டையன், "இது நாட்டுக் காசுங்களா, உங்க காசுங்களா?" என்று கேட்டார். என் காசுதான், சாப்பிடுங்கள் என்றேன். இட்லியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, அத அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பிட்டு வாயில் போட்டார். என்ன அப்புறம்? மலைக்காரர் பேச்சு பாதி எனக்கு இன்னும் விளங்குவதில்லை.

கோர்ட்டு. மாதேஸ்வரனைக் கொண்டுவந்தார்கள். இளைத்து, முகத்தில் எலும்பு தெரிகிறது. மாராயி அழவில்லை. அவன் அவள் வயிற்றைத்தான் பார்த்தான். குழந்தைசாமி கூண்டில் ஏறிக் கூசாமல் சொன்னான், தீப்பந்தத்தோடு மாதேஸ்வரனைப் பார்த்தேனென்று. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

மத்தியானம் நாயுடு ஓட்டல். போகுமுன்பே நான் யோசித்திருக்க வேண்டும். பந்தி அந்தக் கோடியில் இருந்தது, கல்லா இந்தக் கோடியில். இலை போட்டுவிட்டார்கள், கறியும் விழுந்துவிட்டது. செங்கோட்டையன் முதல் கவளத்தை வாயில் வைத்திருக்கிறார், நாயுடு குரல் கொடுத்தார்: "வாத்தியாரே, உங்க இலைக்கெல்லாம் நேத்தே பணம் வந்தாச்சு!"

கவளத்தை முழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு முழுங்கினார். எழுந்து போய்விட்டார்.

சத்திரத்துத் தூணோரம் பிடித்துவிட்டேன். "ஏனுங்ணா, என்ன இப்படி?"

"என்னால சாட்சி சொல்ல முடியாதுங்க வாத்தியாரே."

"ஏன்?"

"அவன் உப்பு உள்ள போயிருச்சு. ஒருக்கா இல்ல, ரெண்டு தரம். நேத்து ஒரு வேளதான், தெரியாம நடந்துபோச்சுன்னு மனசச் சமாதானம் பண்ணி வெச்சிருந்தனுங்க. இன்னைக்கும் ஆயிருச்சு. உப்பு வாயக் கட்டிரும். சோறு போட்டவன எதுத்து நான் பேசுனா, நாளைக்கு எங்க நாட்டுல என் பேச்ச நாய்கூட கேக்காது."

"காசை நான் திருப்பி வைத்துவிட்டேனே!"

"காசு திரும்பும். உள்ள போனது திரும்புமுங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாட்டுக் கவுண்டரின் முதல் கேள்வி. என் காபி. சடங்காவது மண்ணாவது. குழந்தைசாமி மலையில் எத்தனை வருஷம் கிட்டங்கி போட்டுக்கொண்டு இருந்தவன், இவர்களை நான் அறிந்ததைவிட நன்றாக அறிந்திருக்கிறான். எந்தக் கடை, எந்த வேளை என்று அவனுக்கு யார் சொன்னது? வேறு யார்? சேந்தமங்கலம் டீக்கடையில் தமுக்கு அடித்தவன்தான். நுணலும் தன் வாயால் கெடும். இங்கே கெடப்போவது நானல்ல, கூண்டில் நிற்கிறவன்.

7 மார்ச், செவ்வாய்

வக்கீல் குதித்தார். "உப்பாவது புளியாவது! சம்மன் இருக்கிறது, கூண்டில் ஏறித்தான் ஆக வேண்டும்" என்றார். ஏறுவாருங்க, வாய் திறக்க மாட்டாருங்க என்றேன். நாளைக்கு நம் சாட்சி. அதற்குமேல் வாய்தா கிடையாதாம்.

செங்கோட்டையன் நேற்று மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர்தான். நான் கெஞ்சினேன். கோபித்தேன். ஒரு உயிரைவிட ஒரு தோசை பெரிதா என்று கத்தினேன், சத்திரத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "கத்தாதீங்க. எனக்கு மட்டும் வவுறு எரியாதுங்களா? அந்தப் பையன தோள்ல தூக்கி வளத்தவன் நான்" என்றார். எனக்கு என் வாயை அறுத்துப்போடலாம் போலிருந்தது.

மாராயி அடுப்புக்குப் பக்கத்தில் குந்திக் கேட்டுக்கொண்டே இருந்தாள். களிக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெடுக்கென்று கேட்டாள்: "ஏனுங் மாமா, எங்கப்பனும் பண்ணைக்காரரும் வழக்காடுனாங்களே, அப்ப என்ன பண்ணுனீங்க? அவரு உப்பும் எங்கப்பன் உள்ள இருந்துதில்ல?"

"உங்கப்பன் அவருக்கு ஒரு விருந்து வெச்சான். எத்தன வேள தின்னிருந்தாலும் ஒரு விருந்து போதும், கணக்கு நேராயிருச்சு."

"அப்ப நீங்களும் இவனுக்குப் போடுங்க."

செங்கோட்டையன் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "அவன் கள்ளன். எங்கையால குடுத்தாத் தின்பானா? தின்னா நேராயிரும்னு அவனுக்குந் தெரியும்."

மாராயி மறுபடி களிக் குச்சியை எடுத்தாள். எனக்குத்தான் தலைக்குள் ஏதோ பொறி தட்டியது. மூன்று கடையில் இரண்டை அவன் எனக்கு எதிராகத் திருப்பிவிட்டான். மூன்றாவது அவனே தினமும் போய் உட்காருகிற கடை.

சொன்னேன். செங்கோட்டையன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "உங்க காசுல போட்டா அது உங்க சோறு. நாட்டுக் காசுல போட்டா நாட்டுச் சோறு. என் பாடா இருக்கோணும்" என்றார்.

அவரிடம் காசு ஏது? கை இருக்கிறது.

8 மார்ச், புதன்

வரிசையாக எழுதுகிறேன்.

கிழக்கு வெளுக்குமுன் பொன்னம்மாள் கடைக்குப் போனோம். கடைக்குப் பின்னால் புளியங்கட்டை ஒன்று மாசக்கணக்காகக் கிடக்கிறது, கூலிக்காரர் இரண்டு பேர் கோடாலியை உடைத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அதைப் பிளந்து தருகிறேன், கூலி வேண்டாம், நான் காட்டுகிற ஆளுக்கு இன்றைக்கு இட்லி போடு என்றார் செங்கோட்டையன். "எனக்கெதுக்குங்க ஊர் வம்பு" என்றாள் முதலில். பிறகு கட்டையைப் பார்த்தாள், அவர் தோளைப் பார்த்தாள். கோடாலியை எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்றரை நாள் பட்டினி கிடந்த மனிதர். சொருகிக்கொண்ட கோடாலியைக் காலால் மிதித்து உருவினார். நான் வாங்கப் போனேன், "தொடாதீங்க, அப்புறம் பாதி உங்க பாடாயிரும்" என்றார். கட்டை பிளந்தது. அடுக்கி வைத்தார். இருவரும் மதிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றோம்.

குழந்தைசாமி வந்தான். நேரமாகிவிட்டது, வருவானோ மாட்டானோ என்று நான் செத்துப் பிழைத்திருந்தேன். உட்கார்ந்தான். நாலு வைத்தாள். இன்னும் இரண்டு கேட்டான். சட்னி கேட்டான். கை அலம்பி, மடியில் கைவிட்டான்.

"காசு வந்துருச்சுங்க."

"யாரு குடுத்தது?"

பொன்னம்மாள் கரண்டியால் மதிலைக் காட்டினாள். செங்கோட்டையன் இந்தப் பக்கம் வந்து நின்று, கும்பிட்டார்.

குழந்தைசாமியின் கை மடியிலேயே நின்றுவிட்டது. பிறகு கை நிறையச் சில்லறையை அள்ளி இட்லித் தட்டில் எறிந்தான். பொன்னம்மாள் பொறுக்கி எடுத்து அவன் துண்டிலேயே போட்டாள். "ஒரு சோத்துக்கு ரெண்டு பேருகிட்ட வாங்குற பொழப்பு எனக்கில்லீங்க." அவன் துண்டைச் சுருட்டிக்கொண்டு போனான். செங்கோட்டையன் இலையில் உட்கார்ந்தார். நாட்டார் பையிலிருந்து நான் காசு கொடுத்தேன். எத்தனை இட்லி என்று எண்ணவில்லை.

கோர்ட்டில் அவர் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். சர்க்கார் வக்கீல் எழுந்தார். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, ஒரு சிரிப்போடு கேட்டார்: "சேலம் வந்ததிலிருந்து உனக்குச் சோறு போட்டு வைத்திருப்பது யார்?"

வாத்தியார் என்று சொல்வார், சொல்லிக்கொடுத்த சாட்சி என்று அடித்துவிடுவார்கள்.

"ஞாயித்துக்கெழம பட்டாபி ஐயரு கிளப்புல நெய் தோசையும் அல்வாவும் இந்தா, இவருதானுங்க" என்று குழந்தைசாமியைக் காட்டினார். "திங்கக்கெழம மத்தியானம் நாயுடு ஓட்டல்ல கறிச்சோறு, அதும் இவருதானுங்க. அன்னைக்குக் காலையில இட்லி வாத்தியாரு போட்டாருங்க. அது வேற கணக்கு."

ஜட்ஜு பேனாவைக் கீழே வைத்தார். "இவர் உனக்கு எதற்குச் சாப்பாடு போட்டார்?"

"நான் இவர எதுத்துப் பேசக்கூடாதுன்னுதானுங்க. உப்பு தின்னா எங்க நாட்டுல பேச மாட்டோமுங்க. இன்னைக்குக் காலையில இவருக்கு நான் ஆறு இட்லி போட்டேன். இப்ப நேருங்க. அதனாலதான் பேசறேன்."

ஜட்ஜு மறுபடி சொல்லச் சொல்லி முழுவதையும் எழுதிக்கொண்டார். குழந்தைசாமியைக் கோர்ட்டை விட்டுப் போகக்கூடாது என்றார்.

9 மார்ச், வியாழன்

பட்டாபி ஐயர் கிளப்புக் கல்லாக்காரரையும் நாயுடுவையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். இருவரும் அவனைக் கைகாட்டினார்கள். எங்களுக்கு இப்போது மூன்று வேளையும் பொன்னம்மாள் கடைதான், வேறெங்கும் போகப் பயம்.

13 மார்ச், திங்கள்

தீர்ப்பு நாளை. எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கே!

2 ஏப்ரல், ஞாயிறு. மலையில்

செங்கோட்டையன் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். ஆள்மேல் ஆள் விட்டு, வந்தே ஆக வேண்டும் என்று. போனேன். எனக்கு மட்டும் இலை. சாமைச் சோறு, அவரைக் குழம்பு, காட்டுக்கோழி, கிண்ணத்தில் தேன். மாதேஸ்வரன் பரிமாறினான். மணிக்கட்டில் விலங்கு அறுத்த தழும்பு இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. மாராயி நடக்கமாட்டாமல் நடந்து வந்து, "நல்லாத் தின்னுங்க சாமி" என்று சொல்லிவிட்டுப் போனாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. குழம்பில் காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

போதும் என்றால் விடவில்லை செங்கோட்டையன். பக்கத்தில் குந்திக்கொண்டு, "இன்னும் போடு, இன்னும் போடு" என்று மாதேஸ்வரனை ஏவிக்கொண்டே இருந்தார். சேலத்துக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்து, "இதெல்லாம் எதற்குங்ணா, நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன்" என்றேன்.

"அதுக்கில்லீங்க வாத்தியாரே" என்றார். "அன்னைக்குப் பொன்னம்மாள் கடையில உங்க சொந்தக் காசுல இட்லி தின்னுட்டேன். வர வெள்ளிக்கெழம நாட்டுக்கூட்டத்துல வேலி வழக்கு வருது. உங்கள எதுத்து நான் பேசோணுமில்லீங்களா?"

மாதேஸ்வரன் கரண்டியோடு நின்றவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து மாசக்கணக்காகிறது.

வேலி நிற்காது. எனக்குத் தெரிந்துவிட்டது. இன்னும் ஒரு கரண்டி குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.